செஞ்சோற்றுக் கடனும் சொல்தா வீடும்

தீபாவளிக்கு ‘அமரன்’ பார்த்துக் கண் கலங்கிய புதுச்சேரியில், இரண்டு நாடுகளுக்கு நடுவே நின்ற சிப்பாய்களின் கதை இன்னும் திரைக்கு வராமலே கிடக்கிறது.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொன்ன ‘அமரன்’ அன்றுதான் வெளியானது. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரியின் விடுதலை நாள். கடற்கரைச் சாலை காந்தி திடலில் மூவண்ணக் கொடி ஏறும், போலீஸ் அணிவகுப்பு நடக்கும். அதற்கும் மறுநாள் கல்லறைத் திருநாள். நவம்பர் 11, முதல் உலகப் போர் ஓய்ந்த நாள்; அதே கடற்கரைச் சாலையில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். தியேட்டரில் ஒரு வீரனுக்காக அழுது, திடலில் ஒரு கொடிக்குக் கை தட்டி, சமாதியில் மெழுகுவத்தி ஏற்றி, கடைசியில் இன்னொரு கொடிக்காகச் செத்தவர்களுக்குத் தலை குனிய வேறெந்த ஊர்க்காரருக்கும் பன்னிரண்டு நாளுக்குள் வாய்ப்பதில்லை.

கொடியேற்றமும் மலர்வளையமும் நடக்கிற இடங்கள் குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். பட்டினத்தின் வடக்கு ஓரத்தில், கடலரிப்புக்கு அஞ்சிக் கருங்கல் கொட்டிய கரையை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் மீனவர் குடியிருப்பு இது. இங்கேயும் மற்ற ஊர்களைப் போலவே பட்டாளத்துப் படமென்றால் தனி மவுசு. ஆனால் புதுச்சேரியில் பட்டாளம் என்ற சொல்லுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று இந்திய ராணுவம். மற்றது, பெரியவர்கள் பேச்சில் இன்றும் புழங்கும் ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து, பிரான்ஸ் தரும் ஓய்வூதியத்தில் வாழ்ந்தவரை இந்த ஊர் அப்படித்தான் அழைக்கிறது. அவர் வீடு ‘சொல்தா வீடு’.

போர்ப் படங்களின் மீது நமக்குள்ள மோகத்தை எடைபோட, இந்தச் சொல்தா வீட்டுத் திண்ணை சரியான இடம்.

எது இழுக்கிறது?

போர் பிடிக்காதவர்களையும் போர்ப் படம் இழுத்து உட்கார வைத்துவிடுகிறது. துப்பாக்கிச் சத்தமும் வெடிப்பும் சண்டைப் படத்திலும் உண்டு. அவற்றுக்காக யாரும் அழுவதில்லை. அழ வைப்பது கூட இருப்பவனுக்காக உயிரைக் கொடுக்கிற அந்த ஒரு கணம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் முகுந்தோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார். முகுந்துக்கு அசோக சக்ரா, விக்ரம் சிங்குக்கு சௌர்ய சக்ரா, இரண்டும் மறைவுக்குப் பின். நாடு, எல்லை, கொடி என்பவையெல்லாம் பார்வையாளனுக்குத் தூரத்து விஷயங்கள். பக்கத்தில் குண்டடிபட்டுக் கிடப்பவனை விட்டு வர மறுக்கும் மனிதன் நெருக்கமானவன். அலுவலகத்திலும் தெருவிலும் உறவிலும் அப்படி ஒரு துணை கிடைக்காதவர்களுக்கு, இருட்டு அரங்கில் இரண்டரை மணி நேரம் அது கிடைக்கிறது.

அடுத்தது காத்திருப்பு. இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி ‘அமரன்’ கதையைப் பெரும்பகுதி முகுந்தின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸின் பக்கத்திலிருந்து சொன்னார். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் தொடங்கிய காதல், வேண்டாம் என்ற வீடு, தொலைபேசியில் நடந்த குடித்தனம். முகுந்தாக நடித்த சிவகார்த்திகேயன் துப்பாக்கி பிடித்த காட்சிகளைவிட, இந்துவாக நடித்த சாய் பல்லவி போனைப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சிகளில்தான் அரங்கம் அமைதியானது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தமிழ் வீடுகளுக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. கடலுக்குப் போனவன் கரைக்கு வரும்வரை கண்ணயராத குப்பத்து வீடுகளுக்கு இன்னும் பழக்கம்.

மூன்றாவது ஈர்ப்பு, தெளிவு. எதிரி யார், நம்மவர் யார், எதற்காகச் சாவது என்பதில் போர்ப் படத்தில் குழப்பம் இருப்பதில்லை. வாழ்க்கையில் எதிலும் கிடைக்காத இந்தத் தெளிவுக்குத்தான் நாம் டிக்கெட் வாங்குகிறோம். போரை எதிர்த்து எடுத்த படமும் கடைசியில் போரைக் கவர்ச்சியாக்கிவிடும் என்று பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோ கருதியது இதனால்தான். வியட்நாம் போரின் கொடுமையைக் காட்ட எடுத்த ஹாலிவுட் படங்களை, 1990-இல் வளைகுடாப் போருக்குக் கிளம்பவிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கூட்டமாக உட்கார்ந்து ஆரவாரத்தோடு பார்த்ததை, அவர்களில் ஒருவரான அந்தோணி ஸ்வோஃபோர்டு தன் ‘ஜார்ஹெட்’ நூலில் எழுதியிருக்கிறார்.

அரசு கேட்டு வாங்கிய வீரம்

தமிழ் சினிமாவில் போர் வந்த கதையே சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. படங்கள் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று ஆங்கில அரசு கட்டுப்பாடு வைத்தது. போருக்கு ஆதரவான படம் எடுக்கும்படி தயாரிப்பாளர்களை நெருக்கவும் செய்தது. 1945-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். அதே ஆண்டு கே. சுப்ரமணியம் ‘மானசம்ரக்ஷணம்’ எடுத்தார். முன்பு ‘தியாக பூமி’ எடுத்து அதே அரசின் தடையைச் சந்தித்தவர் இந்த சுப்ரமணியம். அந்தப் படங்களில் வில்லன் ஜப்பான்காரன். அதே நாட்களில் மலேயா ரப்பர் தோட்டங்களின் தமிழர்கள் ஜப்பான் பக்கம் நின்று, நேதாஜியின் படையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு விசுவாசம், தரையில் வேறொரு விசுவாசம்.

அடுத்த அலை சீனப் போரோடு வந்தது. 1963-இல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்து, தாதா மிராசி இயக்கிய ‘ரத்தத் திலகம்’. போரின் காயம் ஆறுமுன் வந்த படம் அது. பிறகு நீண்ட இடைவெளிகள். ‘இந்தியன்’ சேனாபதி நேதாஜி படைக்காரர். ‘துப்பாக்கி’ ஜெகதீஷ் விடுமுறையில் வந்த ராணுவ அதிகாரி. இவற்றில் ஒரு பொது அம்சத்தைக் கவனிக்கலாம். நம் திரை பெரும்பாலும் அதிகாரியைத்தான் கதாநாயகனாக்குகிறது. முகுந்துக்கு ஒரு படம் வந்தது. விக்ரம் சிங்குக்கு அதில் சில காட்சிகள் கிடைத்தன. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பேர்பெற்ற வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்களும் ஹவில்தார்களும்தான். அவர்களை வைத்து யாரும் முழுப் படம் எடுக்கத் துணிவதில்லை.

கர்ணன் நின்ற பக்கம்

நம் மரபோ வேறு மாதிரி யோசித்தது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடும் வீரன் அர்ஜுனன் அல்லன், கர்ணன். தான் நிற்கும் பக்கம் தோற்கப்போகிறது, நியாயமும் அந்தப் பக்கம் இல்லை என்று தெரிந்தே அவன் நின்றான். கம்பனின் கும்பகர்ணனும் அப்படித்தான். அண்ணன் செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே சாகப் போனான். தின்ற சோற்றுக்குப் பட்ட கடனை உயிரால் அடைத்தவர்கள் இவர்கள். 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 2012-இல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியானபோதும் கூட்டம் அலைமோதியது. நியாயமான பக்கத்தில் நின்று சாகும் வீரனுக்கு நாம் கைதட்டுகிறோம். சிக்கலான பக்கத்தில் நின்று சாகும் வீரனை மறக்க முடியாமல் தவிக்கிறோம்.

இன்றைய போர்ப் படம் இந்தச் சிக்கலைத் துடைத்து எடுத்துவிட்டது. அதில் சோறு போட்டவனும் நியாயமும் ஒரே பக்கம். அதனால் படம் முடியும்போது கண்ணீர் மிஞ்சுகிறது, கேள்வி மிஞ்சுவதில்லை.

சோறு போட்டவன் பக்கமா, நியாயத்தின் பக்கமா என்ற அந்தக் கேள்விக்குப் புதுச்சேரி மண்ணில் ஏறத்தாழ 280 ஆண்டு வயது. இந்தியர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்துச் சிப்பாயாக்கும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியவர்கள் இங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில், சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சேர்ந்து ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தார்கள். ஆங்கிலேயர் பாடம் கற்றுக்கொண்டார்கள். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை மிரட்டிய 1758-இல், ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தமிழ்ச் சிப்பாய்களைப் பட்டாலியன்களாகத் திரட்டினார். இன்று குன்னூர் வெலிங்டனில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. ஒரே கடற்கரையின் பிள்ளைகள், சம்பளம் கொடுத்த கம்பெனியைப் பொறுத்து, எதிரெதிர் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காலத்து மனிதன்தான் யூசுப் கான் என்ற மருதநாயகம். இளமையில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் வேலை பார்த்தவர் என்பார்கள். ஆங்கிலேயரின் சிப்பாய்ப் படைக்குத் தலைவரானார், மதுரையை ஆண்டார், கடைசியில் ஆங்கிலேயரையும் நவாபையும் எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவர் யாருக்கு விசுவாசி, யாருக்குத் துரோகி? 1997 அக்டோபர் 16 அன்று எலிசபெத் மகாராணி முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கிய ‘மருதநாயகம்’ பணமில்லாமல் நின்றுபோனது. அதே கமலின் ராஜ்கமல் நிறுவனம்தான் ‘அமரன்’ படத்தைத் தயாரித்தது. சிக்கலில்லாத விசுவாசம் திரைக்கு வந்துவிட்டது. சிக்கலான விசுவாசம் இன்னும் பெட்டிக்குள்.

செருப்பில் தொடங்கிய உரிமை

புதுச்சேரித் தமிழன் ஏன் பிரான்சுக்காகச் சண்டை போடப் போனான்? கூலிக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுக்குப் போய்ப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். 1873-இல் பொன்னுத்தம்பி என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக வாதாட விடாமல் தடுக்கப்பட்டார். வழக்கு பாரீஸ்வரை போய் அவர் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை வந்தது. தம் சாதி, மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்படுகிறவர் முழுப் பிரெஞ்சுக் குடிமகன் என்றது அது. பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த வழியில் முண்டியடித்துப் போனவர்களில் கிறித்தவர்களும், சாதியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்களும் அதிகம். தெருவில் செருப்பு போட உரிமையில்லாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது. அந்த பூட்ஸுக்குப் பட்ட கடன் வெறும் சம்பளக் கடன் அல்ல.

அவர்கள் ஐரோப்பாவுக்கும் இந்தோசீனாவுக்கும் போனார்கள். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1938-இல் எழுந்ததுதான் கடற்கரைச் சாலை நினைவுச் சின்னம். 1940-இல் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தபோது, ஆளுநர் லூயி பொன்வேன் புதுச்சேரியை, ஹிட்லரை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தளபதி தெ கோல் பக்கம் நிறுத்தினார்; இங்கிருந்து தொண்டர்கள் அந்தப் படைக்குக் கிளம்பினார்கள். போர் முடிந்ததும் இந்தோசீனா. சைகோன் என்பது புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் பக்கத்து ஊர்ப் பெயர் போலப் புழங்கிய காலம் அது. போலீஸ், சுங்கம், சிறைக் காவல், பட்டாளம் என்று அங்கே நம்மவர்கள் நிறைந்திருந்தார்கள். சிலர் வியட்நாமிய மனைவிகளோடு திரும்பினார்கள். ‘நெம்’ என்ற வியட்நாம் பலகாரம் இன்றும் சில புதுச்சேரி வீடுகளின் விருந்தில் இருப்பது அந்தப் போரின் மிச்சம்.

1954, நவம்பர் 1

இங்கேதான் எந்தத் திரைக்கதையாளனும் துணிந்து எழுத மாட்டாத ஒரு தற்செயல் வருகிறது. 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ கோட்டை வியட்நாமியரிடம் வீழ்ந்தது. பிரான்சின் ஆசியக் கனவு முடிந்தது. அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. சொந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே நாளில், அந்தக் கொடியின் கீழ் ஒரு புதிய போர் தொடங்கியது. பிறந்த மண் காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட செய்தியைக் கேட்ட புதுச்சேரிச் சிப்பாய்கள், இன்னொரு மண் விடுபடாமல் காக்கும் வேலைக்குப் போனார்கள். கர்ணனின் இக்கட்டுக்கு இதைவிடத் துல்லியமான நவீன வடிவம் கிடைக்காது.

அடுத்த தற்செயல் 1962-இல். ஆட்சி மாற்றத்துக்கான ஒப்பந்தம் 1956-லேயே கையெழுத்தாகியிருந்தாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, பத்திரங்கள் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்கு நடுவில்தான் அக்டோபர் 20-இல் சீனப் போர் மூண்டது. நாடெங்கும் பெண்கள் போர் நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, புதுச்சேரிக் குடும்பங்கள் எந்த நாடு தங்கள் நாடு என்று பேசிக்கொண்டிருந்தன. மறு ஆண்டு ‘ரத்தத் திலகம்’ வந்தது. அதில் சிவாஜி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தன் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டவர்களைப் பொறாமையோடும் ஏளனத்தோடும் பார்த்தவர்கள் உண்டு. பிராங்கில் வரும் பென்ஷன், பிறகு யூரோவில் வரும் பென்ஷன், கணவனுக்குப் பின் மனைவிக்கும் வரும் பென்ஷன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கு வரதட்சணைச் சந்தையில் தனி விலை. இந்தக் கணக்கு மட்டுமே ஊர் வாயில் நின்றது. பென்ஷன் வாங்கிய அந்தச் சொல்தா எந்தக் காட்டில் யாரைத் தூக்கிச் சுமந்தார், அல்ஜீரிய மலையில் யாரைச் சுட நேர்ந்தது, திரும்பி வந்தபின் உறங்கினாரா என்பதை யாரும் கேட்டுப் பதிவு செய்யவில்லை.

ஆண்டுதோறும் ஜூலை 14-க்கு முந்தின மாலை, விளக்குகளை ஏந்தி ஊர்வலம் போகும் முன்னாள் வீரர்களை இன்றும் பார்க்கலாம். மறுநாள் நினைவுச் சின்னத்தில் இரண்டு நாடுகளின் தேசிய கீதமும் ஒலிக்கும். பதக்கங்களைக் குத்திக்கொண்டு நிற்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அல்ஜீரியாவில் கடைசியாகப் போர் செய்தவருக்கே இப்போது வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

பென்ஷன் வாங்கிக் கொடுத்த படம்

சிக்கலான விசுவாசத்தைப் படமெடுத்தால் ஓடாது என்பார்கள். ஓடியிருக்கிறது; ஓடியதோடு நிற்கவும் இல்லை. 2006-இல் ரஷீத் பூஷாரெப் ‘அந்திஜேன்’ என்ற படத்தை எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சை மீட்கப் போராடிய வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை. தக்காளி பங்கிடுவதில்கூட வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயம். தங்களைச் சமமாக நடத்தாத நாட்டுக்காக அவர்கள் சாகிறார்கள். நாயகர்கள் யாரும் மேஜரோ கர்னலோ இல்லை. எல்லாரும் கீழ்ப்படிச் சிப்பாய்கள். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அதன் முக்கிய நடிகர்கள் ஐவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அதன்பின் நடந்ததுதான் செய்தி. பழைய காலனிகளின் சிப்பாய்களுக்கான ஓய்வூதியத்தை 1959-இல் ஒரு சட்டத்தால் பிரான்ஸ் அப்படியே உறைய வைத்திருந்தது. விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது. ஜனாதிபதி ஜாக் சிராக் மனைவியோடு இந்தப் படத்தைப் பார்த்தார். படம் வெளியான நாளிலேயே, போர் ஊனத்துக்கான ஓய்வூதியமும் முன்னாள் போர்வீரர் படியும் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக உயர்த்தப்படும் என்று அவரது அரசு அறிவித்தது. பயன் பெறுவோர் சுமார் 80,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 2023 ஜனவரி 4 அன்று, ஒமார் சீ நடித்த ‘திராயோர்’ வெளியானது. முதல் உலகப் போரில் செனகல் தந்தையும் மகனும். அதே நாளில், உதவித்தொகைக்காக ஆண்டில் பாதியைப் பிரான்சிலேயே கழிக்க வேண்டியிருந்த கடைசிச் செனகல் வீரர்கள், இனிச் சொந்த ஊரிலேயே இருந்து அதைப் பெறலாம் என்று பிரெஞ்சு அரசு சொன்னது.

வீரத்தைப் புகழும் படம் சல்யூட் வாங்கித் தரும். வீரனுக்கு என்ன பாக்கி என்று கேட்கும் படம் அந்தப் பாக்கியை வாங்கித் தரும். இரண்டுமே தேவைதான். ‘அமரன்’ பார்த்து அழுதவர்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் அந்தக் கண்ணீரோடு நின்றுவிடுகிற ரசனை வளராது. சிப்பாயின் பெயரும் தெரிய வேண்டும், அவன் எந்தச் சோற்றுக்காகப் போனான் என்பதும் தெரிய வேண்டும், போர் முடிந்தபின் அவனை யார் கைவிட்டார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

தமிழில் போர்ப் படம் எடுக்கத் துடிக்கும் இளம் இயக்குநர்கள் கதை தேடி காஷ்மீருக்குப் போகட்டும். அதற்கு முன் ஒரு தடவை புதுச்சேரிக்கு வரட்டும். சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட அவசரமான வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் சொல்தா தாத்தாவோ, அவருக்காகக் காத்திருந்த பாட்டியோ இன்னும் இருந்தால், கையில் இருக்கும் போனை அவர்கள் முன்னால் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்த ஊரில் இறங்கினீர்கள், கூட யார் இருந்தார், எதற்காகப் போனீர்கள் என்று கேளுங்கள். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.